பிற நாட்டு மழலையர் பள்ளியில் எதைப் பார்ப்பது?

வெளிநாட்டு மழலையர் வகுப்பு ஒன்றின் வீடியோ கைக்கு வருகிறது. தாழ்வான மர அலமாரி. பிரம்புக் கூடைகளில் கூழாங்கற்கள், மரத்துண்டுகள். தரையில் உட்கார்ந்து தங்கள் வேலையில் மூழ்கியிருக்கும் நாலைந்து குழந்தைகள். பார்க்கும் ஆசிரியருக்கு ஆசை வராமல் இருக்காது. அதே மாதிரி அலமாரியும் கூடைகளும் வாங்கியாகிறது. முதல் வாரத்தில் கூழாங்கற்கள் பறக்கின்றன, கூடைகள் தொப்பியாகின்றன, மாதம் முடிவதற்குள் எல்லாம் கைக்கெட்டாத மேல்தட்டுக்கு ஏறிவிடுகின்றன. கூடவே, 'இதெல்லாம் நம் குழந்தைகளுக்கு ஒத்துவராது' என்ற தீர்ப்பும் வந்துவிடுகிறது.

அந்தத் தீர்ப்பு அவசரப்பட்டது. வீடியோவில் தெரியாதவை பல இருக்கின்றன. கேமராவுக்கு வெளியே எத்தனை பெரியவர்கள் நின்றார்கள்? அந்தக் குழந்தைகள் எத்தனை மாதமாக அந்த அறையில் இருக்கிறார்கள்? அங்கேயும் யாராவது கல்லை எறிந்திருப்பார்கள். அன்று ஆசிரியர் என்ன செய்தார்? மழலையர் கல்வியில் பிற நாடுகளிடம் கற்பது என்றால் இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்கப் பழகுவது என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக, நடந்த சில உதாரணங்களை வைத்து அதை விளக்கப் பார்க்கிறேன்.

கூடையில் கொட்டிய கட்டைகள்

மழலையர் பள்ளி என்ற அமைப்பே நாடு விட்டு நாடு பரவியதுதான். ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரீட்ரிக் ஃப்ரோபெல், பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் 1837-இல் தன் நிறுவனத்தைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். சின்னக் குழந்தை விளையாடித்தான் கற்கிறது என்பது அவருடைய அடிப்படை எண்ணம். அதற்கென்று அவர் செய்த விளையாட்டுப் பொருள்களுக்குப் 'பரிசுகள்' என்று பெயர். முதல் பரிசு, நூலில் தொங்கும் ஆறு வண்ணக் கம்பளிப் பந்துகள். இரண்டாவது, மர உருண்டையும் உருளையும் கனசதுரமும். மூன்றாவது, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு கட்டை. இப்படி வரிசையாக நீளும்.

1851-இல், அன்றைய ஜெர்மன் நாடுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அரசு கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தது. தடை நீங்க 1860 ஆனது. அதற்குள் ஃப்ரோபெலின் வழி கடல் தாண்டிவிட்டது. ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்த மார்கரெத்தே ஷூர்ஸ், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் 1856-இல் ஜெர்மன் மொழியில் ஒரு கிண்டர்கார்டன் நடத்தினார். அவரைச் சந்தித்துப் பேசிய எலிசபெத் பீபாடி, 1860-இல் பாஸ்டனில் ஆங்கிலத்தில் ஒன்றைத் தொடங்கினார். நடத்த நடத்த அவருக்கே மனநிறைவு ஏற்படவில்லை. 1867-இல் ஐரோப்பாவுக்குக் கிளம்பிப் போய், ஃப்ரோபெலின் வழியில் பயின்றவர்கள் நடத்திய வகுப்புகளை நேரில் பார்த்தார். திரும்பி வந்ததும், தான் முன்பு நடத்தியது சரியான கிண்டர்கார்டன் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கேட்டறிந்ததையும் படித்தறிந்ததையும் மட்டும் வைத்துத் தொடங்கினால் முக்கியமான ஒன்று விடுபட்டுப்போகும் என்பதை இந்தத் துறை அவ்வளவு முன்பே பார்த்துவிட்டது.

ஜப்பானுக்குக் கிண்டர்கார்டன் 1876-இல் போனது. டோக்கியோவில் பெண் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரியோடு இணைந்து ஒரு மழலையர் பள்ளி திறக்கப்பட்டது. ஃப்ரோபெலின் பரிசுகளை அங்கே மிகுந்த மரியாதையோடு எடுத்துக்கொண்டார்கள். எந்தப் பரிசுக்குப் பின் எது, எந்தக் கட்டையை எப்படி வைப்பது என்பதெல்லாம் வரிசை பிசகாமல் நடந்தது. குழந்தைகள் மேசை முன் உட்கார்ந்து ஆசிரியர் சொன்னபடி செய்தார்கள். பொருள்கள் ஃப்ரோபெலுடையவைதான். ஆனால் அவை எதற்காகச் செய்யப்பட்டனவோ அந்த விளையாட்டு அங்கே மெல்ல மெல்ல ஒரு பயிற்சியாக இறுகிப்போனது. இது ஜப்பானுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல இடங்களில் இப்படித்தான் ஆனது.

1917-இல் அந்த டோக்கியோப் பள்ளியின் பொறுப்புக்கு குராஹாஷி சோசோ வந்தார். அவரைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். அலமாரியில் வரிசை எண்ணோடு அடுக்கி வைத்திருந்த பரிசுப் பெட்டிகளைக் கீழே இறக்கி, எல்லாக் கட்டைகளையும் ஒரே மூங்கில் கூடையில் கலந்து கொட்டி, குழந்தைகளிடம் கொடுத்துவிட்டார். மூன்றாம் பரிசு, நான்காம் பரிசு என்ற பேதம் போனது. விளையாட ஒரு கூடை நிறையக் கட்டைகள் கிடைத்தன.

அவர் ஃப்ரோபெலை ஒதுக்கிவிடவில்லை. 'இந்தக் கட்டை எதற்காக?' என்று கேட்டு, கிடைத்த பதிலுக்கு ஏற்ப நடந்துகொண்டார். அன்று அங்கே புதிதாக வாங்கியது ஒன்றுமில்லை.

கண்ணில் படுவதும் படாததும்

ஒரு பழக்கத்தைப் பார்க்கும்போது நான்கு கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளலாம். என்ன பொருள் இருக்கிறது? பெரியவர் என்ன செய்கிறார்? ஏன் அப்படிச் செய்கிறார்? அப்படிச் செய்ய அவருக்கு எது இடம் கொடுக்கிறது? முதலாவது படத்திலேயே தெரியும். இரண்டாவது தெரிய அரைமணி நேரமாவது பொறுமையாகப் பார்க்க வேண்டும். மூன்றாவதை வாய் திறந்து கேட்க வேண்டும். நான்காவதை அந்த ஊர்க்காரர்களே சொல்ல மறந்துவிடுவார்கள். அவர்களுக்கு அது மூச்சுக்காற்று மாதிரி, இருப்பதே தெரியாது.

இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியாவை எடுத்துக்கொள்வோம். உலகம் முழுவதிலுமிருந்து மழலையர் ஆசிரியர்கள் போய்ப் பார்க்கும் நகரம் அது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல், அந்நகரத்தை ஒட்டிய வில்லா செல்லா என்ற கிராமத்து மக்கள், ஜெர்மன் படை விட்டுப்போன ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்று, அந்தப் பணத்தில் குழந்தைகளுக்குப் பள்ளி கட்டத் தொடங்கினார்கள். இதைக் கேள்விப்பட்டு சைக்கிளில் அங்கே போன இளம் ஆசிரியர் லோரிஸ் மாலகுட்சி, 1994-இல் இறக்கும்வரை இந்தப் பள்ளிகளோடு இருந்தார். 1963-இல் நகராட்சியே மழலையர் பள்ளி நடத்தத் தொடங்கியது. 1991-இல் 'நியூஸ்வீக்' இதழ் அங்குள்ள டயானா பள்ளியை உலகின் தலைசிறந்த மழலையர் பள்ளியாகக் குறிப்பிட்ட பிறகு பார்வையாளர் வரத்து பெருகியது.

போய்ப் பார்ப்பவர் கண்ணில் படுவது வெளிச்சமான அறைகள், கண்ணாடிகள், களிமண், கம்பி, வண்ணம் நிறைந்த கலைக்கூடம். சற்று நின்று பார்த்தால் ஆசிரியர் குழந்தைகளின் பேச்சைக் குறித்துக்கொண்டே இருப்பது தெரியும். காரணம் கேட்டால், குழந்தை என்ன நினைக்கிறது என்று தெரியாமல் அடுத்து என்ன செய்வது என்று எப்படி முடிவெடுப்பது என்பார்கள். அதற்கு இடம் கொடுக்கும் நிலைமை என்ன? ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். பெரும்பாலும் மூன்று ஆண்டுகளும் அதே குழந்தைகளோடு அவர்களே. கலைக்கூடத்துக்குத் தனி ஆசிரியர். குறித்ததை ஒன்றாக உட்கார்ந்து பேசச் சம்பளத்தோடு கூடிய வேலைநேரம். பின்னால் ஒரு நகராட்சியும், பள்ளியைத் தங்களுடையதாக நினைக்கும் பெற்றோரும். தங்களுடையது நகல் எடுக்கும் மாதிரி இல்லை என்று ரெஜ்ஜோ ஆசிரியர்களே தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். அந்த எச்சரிக்கையை அப்படியே நம்பலாம்.

இந்த நிலைமைகள் இல்லாத இடத்தில் ஒன்றுமே முடியாதா? முடியும், அளவைக் குறைத்துக்கொண்டால். தனியாக ஒரு பெரிய வகுப்பை நடத்துபவர் நாள் முழுக்க எல்லாரையும் குறிக்க முடியாது. ஒரு நாளில் ஒரு குழந்தை பேசிய இரண்டு வாக்கியங்களை, திருத்தாமல், அதன் மழலையோடு ஒரு நோட்டில் எழுத முடியும். நிழலைப் பார்த்து ஒரு குழந்தை 'இது தூங்கப் போயிடுச்சு' என்கிறது என்று வையுங்கள். எழுதாமல் விட்டால் சிரித்துவிட்டு மறந்துவிடுவோம். எழுதி வைத்தால், நாளை டார்ச் விளக்கை எடுத்து வரலாமா என்ற யோசனை பிறக்கும்.

ஃபின்லாந்து விஷயத்தில் இந்த நிலைமைக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அங்கே பள்ளிப் படிப்பு தொடங்குவது 7 வயதில். அதற்கு முந்தைய ஓராண்டு முன்பருவக் கல்வி 2015 முதல் கட்டாயம். எழுதப் படிக்க அவசரப்படுத்தாத நாடு என்று எங்கும் பேசப்படுகிறது. ஆனால் முழுநேரப் பராமரிப்பில் 3 வயதுக்குக் குறைந்த 4 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட 7 குழந்தைகளுக்கு ஒருவர் என்று அங்கே விதியே இருக்கிறது. கதை, பாட்டு, சொல் விளையாட்டு, கேள்விக்கு நின்று பதில் சொல்லும் பெரியவர் என்று மொழி அங்கே நாள் முழுவதும் பாய்ந்துகொண்டிருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு, 'ஃபின்லாந்தில் சொல்லிக்கொடுப்பதில்லையாம்' என்று எழுத்தட்டைகளை மட்டும் அகற்றினால் குழந்தைக்கு இழப்புதான் மிஞ்சும்.

காசு கேட்காத இரண்டு பழக்கங்கள்

பேர்பெற்ற பள்ளிகளை விட, சின்னச் சின்ன அன்றாடப் பழக்கங்களில்தான் தொடக்கநிலை ஆசிரியர்கள் அதிகம் கற்கலாம் என்பது என் கருத்து. இரண்டைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

முதலாவது ஹங்கேரியிலிருந்து. குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர், 1946-இல் புடாபெஸ்ட் நகரின் லோட்சி தெருவில், பெற்றோரோடு வாழ முடியாத கைக்குழந்தைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். நிறையக் குழந்தைகள், குறைந்த ஆட்கள். எல்லாக் குழந்தைகளோடும் எப்போதும் இருக்க முடியாது. அதனால் குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் ஊட்டும்போதும் அந்தக் குழந்தையோடு மட்டும் முழுமையாக இருப்பது என்று வகுத்துக்கொண்டார்கள்.

டயப்பர் மாற்றுவதைப் பாருங்கள். பராமரிப்பாளர் பின்னாலிருந்து வந்து தூக்கிவிடுவதில்லை. குழந்தையின் முகத்துக்கு நேரே வருகிறார். 'இப்போது உன்னைத் தூக்கப் போகிறேன்' என்று சொல்லிக் கைகளை நீட்டுகிறார். நீட்டிய கைகள் அப்படியே காத்திருக்கின்றன. குழந்தை பார்க்கிறது; உடம்பைச் சற்று முன்னால் கொண்டுவருகிறது; பிறகுதான் தூக்குகிறார். மேசையில் கிடத்தியதும், 'இந்தக் கையைக் கொடு' என்கிறார். சட்டைக் கையைத் தன் விரல்களால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மீண்டும் காத்திருக்கிறார். சில மாதக் குழந்தை கையை உள்ளே நீட்டுவதற்கு நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுக்கிறார். ஒவ்வொரு நாளும் அதே வரிசை, அதே சொற்கள். அடுத்து என்ன வரும் என்று குழந்தைக்குத் தெரிவதால் மெல்ல மெல்ல அதுவும் அந்த வேலையில் பங்கெடுக்கத் தொடங்குகிறது.

இப்படி நிறைவாகக் கவனிக்கப்பட்ட குழந்தை, மற்ற நேரத்தில் தரையில் தன் போக்கில் விளையாடுகிறது. தானாக உட்காரத் தெரியாத குழந்தையை முட்டுக்கொடுத்து உட்காரவைக்க மாட்டார்கள். உருண்டு, புரண்டு, தானே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவார்கள். முதல் விளையாட்டுப் பொருளாகப் பெரும்பாலும் ஒரு பருத்திக் கைக்குட்டைதான் பக்கத்தில் இருக்கும்.

காசு வேண்டாம் என்றேனே தவிர, எளிது என்று சொல்லவில்லை. வரிசையாகப் பத்துக் குழந்தைகளுக்கு உடை மாற்ற வேண்டியிருக்கும்போது கை தானாக வேகமெடுக்கும். அப்படிப்பட்ட இடத்தில், ஒரு நாளில் ஒரே ஒரு குழந்தைக்கு, ஒரே ஒரு முறை இப்படிச் செய்து பாருங்கள். 'சொல்வது, கையை நீட்டுவது, காத்திருப்பது' என்ற மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். காத்திருக்கும் சில நொடிகள் எவ்வளவு நீளமாகத் தோன்றுகின்றன என்று தெரியும்போது, அதுவரை எவ்வளவு அவசரமாகத் தூக்கிக்கொண்டிருந்தோம் என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, புதிதாகச் சேரும் குழந்தையைப் பழக்கும் முறை. 1980-களில் பெர்லினில் உருவானது. ஜெர்மனி முழுவதும் பரவியிருக்கிறது. உலகில் எங்கே மழலையர் வகுப்பு நடந்தாலும் முதல் வாரம் அழுகைச் சத்தம் கேட்கும். 'விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுங்கள், நாலு நாளில் பழகிவிடும்' என்று பெற்றோரிடம் சொல்வதும் எங்கும் கேட்டதுதான். பெர்லின் முறை இதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறது.

முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு வருகிறார். சுமார் ஒரு மணி நேரம் அறையில் இருக்கிறார். குழந்தையோடு சேர்ந்தே வீட்டுக்குப் போகிறார். அந்த மூன்று நாளும் பிரித்துப் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. பெற்றோர் ஒரு மூலையில் அமைதியாக உட்கார்ந்திருப்பார். குழந்தையைப் 'போ, போய் விளையாடு' என்று தள்ளவும் மாட்டார், தானே விளையாட்டுக் காட்டிக்கொண்டும் இருக்க மாட்டார். குழந்தை வேண்டும்போது ஓடிவர அவர் அங்கே இருக்கிறார், அவ்வளவே. ஆசிரியர் அவசரப்படாமல், விளையாட்டின் வழியாகக் குழந்தையை நெருங்குகிறார்.

நான்காம் நாள் முதல் பிரிவு. வந்த சில நிமிடங்களில் பெற்றோர் சொல்லிக்கொண்டு வெளியே போகிறார். ஒளிந்து நழுவுவது கூடாது; 'போய் வருகிறேன்' என்று சொல்லியே ஆக வேண்டும். கதவுக்கு வெளியே கூப்பிடு தூரத்தில் இருப்பார். குழந்தை அழுதாலும் ஆசிரியர் தேற்றும்போது தேறினால், அதிகபட்சம் அரைமணி நேரம்வரை விடலாம். தேற்ற முடியாத அழுகை என்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் பெற்றோரை உள்ளே கூப்பிட்டுவிட வேண்டும். அன்று தேறிய குழந்தைக்கு மொத்தம் ஆறு நாள் போதுமானதாக இருக்கலாம். தேறாத குழந்தைக்கு இரண்டு, மூன்று வாரம். அடுத்த பிரிவை ஏழாம் நாளுக்கு முன் முயல மாட்டார்கள். நான்காம் நாள் திங்கட்கிழமையில் விழுந்தால் ஒரு நாள் தள்ளிவைப்பார்கள், இடையில் விடுமுறை வந்துவிட்டதே என்று. இந்தச் சின்ன நுணுக்கத்தில் அந்த முறையின் அக்கறை முழுவதும் தெரிகிறது.

பழகிவிட்டது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? அழுகை நின்றதை வைத்து அல்ல. பெற்றோர் கிளம்பும்போது அழலாம். அழும்போது ஆசிரியரின் மடிக்கு வந்து தேறுகிறதா என்பதே கணக்கு. ஓரமாக உட்கார்ந்து யாரிடமும் போகாமல் சத்தமில்லாமல் இருக்கும் குழந்தையைச் 'சமத்து' என்று எண்ணி விட்டுவிடும் ஆபத்து எல்லா வகுப்புகளிலும் உண்டு. இந்த ஒரு அளவுகோல் அந்தக் குழந்தையை நம் கண்ணில் காட்டிக்கொடுக்கும்.

இதற்கும் நிலைமை வேண்டும். இரண்டு வாரம் வேலைக்குப் போகாமல் வந்து உட்கார எல்லாப் பெற்றோராலும் இயலாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து குழந்தைக்கு நெருக்கமான வேறு ஒருவர் வரலாம். பாட்டி, தாத்தா, சித்தி, யாராக இருந்தாலும் சரி. எல்லாக் குழந்தைகளையும் ஒரே நாளில் சேர்க்காமல், வாரத்துக்கு இரண்டு மூன்று பேராகச் சேர்க்கலாம். மூன்று நாள் முடியாதென்றால் ஒரு நாளாவது பெற்றோர் உள்ளே இருக்கட்டும். எதைக் குறைத்தாலும், சொல்லிக்கொண்டு போவதையும் ஆசிரியரிடம் தேறுகிறதா என்று பார்ப்பதையும் விடாமல் இருந்தால் அதன் உயிர் மிஞ்சும்.

குழந்தைக்கு எழுதும் குறிப்பு

நியூசிலாந்தின் மழலையர் பாடத்திட்டமான 'தே ஃபாரிக்கி' 1996-இல் வெளிவந்து 2017-இல் திருத்தப்பட்டது. அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் அறிஞர்களும் மற்றவர்களும் சேர்ந்து உருவாக்கியது. நலம், சொந்தம் என்ற உணர்வு, பங்களிப்பு, உரையாடல், தேடல் என்ற ஐந்து இழைகள் அதில் உண்டு. கணக்கு, மொழி என்ற பாடப்பிரிப்பு கிடையாது. அப்படியானால் குழந்தையின் வளர்ச்சியை எப்படிப் பதிவது என்ற கேள்வி வந்தபோது, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்கரெட் கார் முன்வைத்த வழி 'கற்றல் கதை'. 'தெரியும், தெரியாது' என்று கட்டத்தில் குறியிடுவதற்குப் பதிலாக, நடந்த ஒரு நிகழ்வைக் கதையாக எழுதுவது. பல சமயம் குழந்தையிடமே பேசுவதுபோல எழுதுவார்கள். மாதிரிக்கு நானே ஒன்று எழுதிக் காட்டுகிறேன்:

'இன்று தண்ணீர்த் தொட்டி பக்கம் ரொம்ப நேரம் நின்றாய். பெரிய குவளையிலிருந்து சின்னக் குவளைக்கு ஊற்றினாய். வழிந்துவிட்டது. நிறுத்தி, சின்னக் குவளையைத் தூக்கி அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாய். ஓட்டை இல்லை. திரும்பவும் ஊற்றினாய், இந்த முறை மெதுவாக. விளிம்பு வந்ததும் நீயே நிறுத்தினாய். பக்கத்தில் நின்ற தோழியிடம் "நெறைஞ்சிடுச்சு, போதும்" என்று சொன்னாய்.'

இதன் கீழே ஆசிரியர் தனக்குத் தோன்றியதை எழுதுகிறார்: ஏன் வழிந்தது என்று தானே ஒரு காரணம் யோசித்து, சோதித்தும் பார்த்தாள். அடுத்து என்ன செய்யலாம் என்றும் ஒரு வரி: நாளை உயரமும் அகலமும் மாறுபட்ட பாத்திரங்களை வைக்கலாம். இதைக் குழந்தைக்கு வாசித்துக் காட்டுகிறார்கள், வீட்டுக்கும் அனுப்புகிறார்கள். 'திரவத்தை ஊற்றத் தெரியும்: ஆம்' என்ற பதிவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எதைப் படித்த பெற்றோர் அன்று மாலை தன் குழந்தையோடு பேச ஆசைப்படுவார் என்பது தெளிவு. எல்லாக் குழந்தைகளுக்கும் வாராவாரம் எழுத முடியாது. ஒரு பருவத்துக்கு ஒருவருக்கு ஒன்று என்றாலும், எழுதும் ஆசிரியரின் பார்வை மாறும்.

போகும் வழியில் மாறுவது

1993-இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியிலிருந்து, மழலையர் பராமரிப்பு கற்பிப்பவர்களும் பயிலும் மாணவர்களும் டென்மார்க்குக்குப் போனார்கள். அங்கே சின்னக் குழந்தைகள் மழை, குளிர் என்று பாராமல் காட்டிலும் வெளியிலும் விளையாடுவதைப் பார்த்தார்கள். ஊர் திரும்பியதும் தங்கள் கல்லூரியின் மழலையர் பள்ளியில் அதைத் தொடங்கினார்கள். 'காட்டுப் பள்ளி' என்று பிரிட்டன் முழுவதும் பரவியது.

டென்மார்க்கில் வெளியே இருப்பது அன்றாட வாழ்க்கையின் ஒரு பகுதி. பிரிட்டனில் அது பெரும்பாலும் வாரத்தில் குறிப்பிட்ட நேரத்துக்கு நடக்கும் அமர்வாக, தனிப் பயிற்சி பெற்றவர் நடத்துவதாக, ஆபத்தையும் பயனையும் எடைபோட்டு எழுதிவைக்கும் ஏற்பாடுகளோடு வடிவெடுத்தது. இதைக் குறை என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி முழுதாகச் சொல்ல மாட்டேன். பெற்றோரும் நிர்வாகமும் பயப்படும் இடத்தில் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லும் ஏற்பாடு இல்லாமல் குழந்தை வெளியே போயிருக்காது. ஆனால் வார அமர்வு நல்லபடியாக நடக்கிறது என்ற திருப்தியில், மற்ற நாள்களில் கதவைச் சாத்தியே வைத்திருந்தால் டென்மார்க்கில் பார்த்த விஷயம் கைநழுவிவிடும். எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றுவதும், தெரியாமலே மாறிப்போவதும் ஒன்றாகாது.

நம்மை நாமே பார்ப்பது

பிற நாட்டைப் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. மானுடவியலாளர் ஜோசப் டோபினும் உடன் ஆய்வாளர்களும் 1980-களில் ஜப்பான், சீனா, அமெரிக்கா மூன்று நாடுகளிலும் மழலையர் பள்ளியின் ஒரு நாளைப் படம்பிடித்தார்கள். அந்தப் படத்தை அதே ஆசிரியரிடம் காட்டிக் காரணம் கேட்டார்கள். பிறகு மற்ற இரண்டு நாட்டு ஆசிரியர்களிடமும் காட்டினார்கள். கியோட்டோவில் எடுத்த படத்தில் நான்கு வயதுப் பையன் ஒருவன் நாள் முழுக்கக் குறும்பு செய்கிறான். இன்னொரு குழந்தையை அழவும் வைக்கிறான். ஆசிரியர் ஓடிவந்து தடுக்கவில்லை. புகார் சொல்ல வந்த சிறுமியிடம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பாணியில் பொறுப்பைத் திருப்பிவிடுகிறார். அமெரிக்க ஆசிரியர்கள் பலர் இதைப் பார்த்துப் பதறினார்கள். தான் இடையில் புகுந்தால் குழந்தைகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளக் கற்கும் வாய்ப்பு போய்விடும் என்பது ஜப்பானிய ஆசிரியர் தரப்பு விளக்கம். அந்த வகுப்பில் சுமார் 30 குழந்தைகள். அதையும் குறையாக அவர்கள் நினைக்கவில்லை. கூட்டத்தில் வாழப் பழக அவ்வளவு பேர் வேண்டும் என்றார்கள்.

இதைப் படித்துவிட்டு நாளை முதல் சண்டையில் தலையிடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அடிபடும் குழந்தையைக் காப்பது எங்கும் பெரியவரின் கடமை. எந்த இடத்தில் புகுவது என்ற கோடுதான் ஊருக்கு ஊர் தள்ளித் தள்ளி இருக்கிறது. ஆனால் சண்டை என்றதும் பாய்ந்து போவது இயற்கை என்று நினைத்திருந்த ஆசிரியருக்கு, அது தான் தேர்ந்தெடுத்த ஒரு வழி, வேறு வழிகளும் உண்டு என்று தெரியவருகிறது. பாய்வதற்கு முன் மூன்று மூச்சு பொறுத்துப் பார்க்கலாமே என்று தோன்றுகிறது. சில சமயம் அந்த மூன்று மூச்சுக்குள் குழந்தைகளே பொம்மையைப் பகிர்ந்துகொண்டிருப்பார்கள்.

தொடங்குவது எப்படி

ஒன்றே ஒன்றை எடுங்கள். அதைத் தொடங்கும் முன், இப்போது வகுப்பில் என்ன நடக்கிறது என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் மாற்றம் வந்ததா என்று பிறகு சொல்ல முடியாது. உடன் வேலை செய்பவரிடம் முதலிலேயே பேசுங்கள். ஒருவர் கை நீட்டிக் காத்திருக்க, இன்னொருவர் பின்னாலிருந்து தூக்கினால் குழந்தை குழம்பும். பெற்றோரிடம் அந்த நாட்டின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதை விட, 'குழந்தை அழும்போது எங்களிடம் தேற வேண்டும், அதற்காக இப்படிச் செய்கிறோம்' என்று காரணத்தைச் சொன்னால் ஒத்துழைப்பு கிடைக்கும். முதல் வாரத்தில் கைவிடத் தோன்றும். குழந்தைகளுக்குப் பழக்கம் படியக் குறைந்தது சில வாரம் ஆகும்.

வீடியோ பார்ப்பதென்றால் ஒரு முறை சத்தத்தை நிறுத்திவிட்டு ஆசிரியரை மட்டும் பாருங்கள். அவர் எங்கே நிற்கிறார், எப்போது குனிகிறார், கை எங்கே இருக்கிறது என்று. சீனாவின் அஞ்ஜி வட்டாரத்து மழலையர் பள்ளிகளின் காட்சிகள் இதற்கு நல்லவை. குழந்தைகள் ஏணி, பலகை, பீப்பாய்களை இழுத்துப்போட்டு ஏறுவார்கள். ஆசிரியர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். விளையாடி முடித்ததும் விளையாடியதைக் குழந்தைகள் வரைவார்கள், அதைப் பற்றிச் சேர்ந்து பேசுவார்கள். சும்மா நிற்பதுபோலத் தெரியும் அந்த ஆசிரியரின் வேலை அந்தப் பேச்சில்தான் வெளியே வரும்.

நேரில் போக வாய்த்தாலோ, வெளிநாட்டு ஆசிரியர் ஒருவரோடு இணையத்தில் பேசக் கிடைத்தாலோ, அவருடைய நல்ல நாளைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். உடன் வேலை செய்பவர் விடுப்பு எடுத்த நாளில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இந்தப் பழக்கத்துக்கு நேரம் ஒதுக்க எதை விட்டீர்கள்? எந்தப் பெற்றோர் எதிர்த்தார்கள், என்ன சொன்னீர்கள்? எந்தக் குழந்தைக்கு இது ஒத்துவரவில்லை? பதிலுக்கு உங்கள் வகுப்பின் பத்து நிமிடத்தைப் படமெடுத்து அவருக்கு அனுப்பி, என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். அனுப்பும் முன் நிர்வாகத்திடமும் பெற்றோரிடமும் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி தராத வீட்டுக் குழந்தையின் முகம் வரும் பகுதியை வெட்டிவிடுங்கள். ஆசிரியரின் கைகளும் குரலும் பதிவாகியிருந்தாலே பேசுவதற்கு வேண்டிய அளவு விஷயம் கிடைத்துவிடும்.